வாத்தியங்கள் என்ற நிரலில் ஒரு தப்பு

மானியத்துக்கு விண்ணப்பிக்கும் இசைக்கலைஞனுக்கு இரண்டு கருவிகள் கைவர வேண்டும்: ஒன்று அவன் வாசிப்பது, மற்றது போட்டோகொப்பி மெசின். முதலாவது இல்லாமலும் சிலருக்கு மானியம் கிடைத்திருக்கிறது. இரண்டாவது இல்லாமல் யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் படிவங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கி, கண்டி பஸ் நிலையத்தில் நின்றவராக இருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள். மற்றவர்களுக்கு நான் கூட்டிச் சொல்வதாகத் தோன்றும்.

நாங்கள் மூன்று பேர். குண்டசாலையில் இருக்கும் நான் கிட்டார் வாசித்துப் பாடுவேன். திகனவில் வாப்பாவின் புடவைக் கடையைப் பார்த்துக்கொள்ளும் ரிஸ்வானுக்குக் கீபோர்ட். அதற்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து வரும் யோகனுக்குத் தப்பு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தப்பு என்பது தோளில் மாட்டிக் குச்சியால் அடிக்கும் வட்டமான தோல் வாத்தியம். தோட்டத்தில் திருவிழாவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். அதை மறக்க எங்களை யாரும் விடவில்லை.

யார் செத்தது

கண்டியில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலைகளில் வாசித்து வந்தோம். முதலில் நானும் ரிஸ்வானும் மட்டும். பிறகு யோகனைச் சேர்த்தோம். முதல் நாளே வெள்ளைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒரு பெண் எழுந்து ஆடினாள். இரண்டாம் சனிக்கிழமை மெனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் மலைநாட்டுத் தமிழர்தான். சத்தம் அதிகமா என்று கேட்டேன். இல்லை என்றார். வாசிப்பு சரியில்லையா என்றேன். அதுவும் இல்லை. மேசை விரிப்பை நீவிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளக்காரங்களுக்கு ஒன்னும் தெரியாது தம்பி. ஆனா சமையல்கட்டுல இருக்கிறது எல்லாம் தோட்டத்து ஆளுங்க. யாரு செத்ததுன்னு வந்து வந்து கேக்குறாங்க."

முதலாந் திகதி

அதற்கடுத்த கிழமை முதல் ஹோட்டலுக்கு நாங்கள் இரண்டு பேர் போதும் என்று ஆனது. யோகனின் மச்சான் ஒருவர் கட்டுநாயக்கவில் ஒரு கார்மண்ட் தொழிற்சாலையில் அவனுக்குக் காவல் வேலை பார்த்து வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்து முதலாந் திகதி சேர வேண்டும். அந்தச் சமயத்தில்தான் கலை மன்றம் மானியத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தது. கண்டியில் நாங்களே ஒரு கச்சேரி வைப்பது, மேடையின் நடுவில் தப்பை வைப்பது என்று நான் ஒரு திட்டம் எழுதினேன். மானியம் கிடைத்தால் யோகன் எங்களோடு இருப்பான். கிடைக்காவிட்டால் சீருடை போட்டுக்கொண்டு கேற்றடியில் நிற்பான். திட்டத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தான்.

"முதலாந் திகதி வரைக்கும் பாக்குறேண்ணே. அதுக்கு மேல வீட்டுல சொல்றதுக்கு எங்கிட்ட ஒன்னும் இல்ல."

ஐந்து வருட அத்தாட்சி

விண்ணப்பதாரர் ஐந்து வருடமாகக் கலைஞராக இருப்பதைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. எங்கள் கிராம சேவகர் சிங்களவர். நிதானமான மனிதர், தமிழும் பேசுவார். கையெழுத்துப் போட அவருக்கு மனமிருந்தது, ஆதாரம் இல்லை. கலியாண வீடுகளில் எடுத்த படங்களைக் காட்டினேன். படத்தில் திகதி இல்லை என்றார். ஒலிப்பதிவைக் கேட்கச் சொன்னேன். அதில் முகம் இல்லை என்றார்.

பிறகு எழுந்து அலுமாரியைத் திறந்து, தடித்த பைல் ஒன்றை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் தெளிந்தது. முத்திரையைக் குத்திக்கொண்டே சொன்னார்:

"உங்க வீட்டுல சத்தம் தாங்க முடியலன்னு பக்கத்து வீட்டு நோனா அஞ்சு வருஷமா முறைப்பாடு எழுதியிருக்கிறா. இதுக்கு மேல அத்தாட்சி என்னத்துக்கு?"

இரண்டு பிரதிகள்

படிவம் தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. தமிழை நான் நிரப்பினேன். சிங்களத்தை ரிஸ்வான் கடையில் சாரி மடித்துக்கொண்டே நிரப்பினான். 'வாத்தியங்கள்' என்ற நிரலில் நான் கிட்டார், கீபோர்ட், தப்பு என்று எழுதினேன். அவன் மூன்றாவதற்கு 'பெர' என்று போட்டான். சிங்களத்தில் எல்லா மேளத்துக்கும் அந்தச் சொல் போதும்.

இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். விண்ணப்பங்களைப் பார்ப்பவர் வதனி மிஸ், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். என்னைக் கதிரையில் இருத்தி, இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தப்பு ஒரு வாத்தியம் என்று நான் விளங்கப்படுத்தியபோது பொறுமையாகக் கேட்டார். தங்கள் பட்டியலில் தவில் இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, தபேலா இருக்கிறது, இது இல்லை என்றார். ஆனால் நான் விளங்கப்படுத்துவதற்கு முன் அவர் சொன்ன வசனம்தான் இன்றுவரை என்னோடு வருகிறது:

"சிங்களப் பிரதியில மேளம் எண்டு கிடக்கு. தமிழ்ப் பிரதியில அது தப்பு எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். பிழையெண்டால் வெட்டிப்போட்டுச் சரியானதை எழுதுங்கோ தம்பி, நான் எதை நம்புறது?"

ஸ்டூடியோ

வாத்தியங்களோடு குழுவின் படமும் வேண்டும் என்றார்கள். மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். ரிஸ்வான் கீபோர்ட்டைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றான். யோகன் பின்னால் போய், தப்பை முதுகுக்குப் பின் பிடித்துக்கொண்டான். போட்டோக்காரர் இரண்டு முறை சொல்லியும் முன்னே எடுக்கவில்லை. கடைசியில் அவர் கமெராவை இறக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

"படிவத்துல தவில்னு போட்டுடுங்கண்ணே" என்றான் யோகன். மிஸ்ஸும் பட்டியலில் இருக்கும் ஒன்றைத்தான் எழுதச் சொல்லியிருந்தார். அவனுடைய அப்பா தோட்டத்தில் சாவுக்கு அடித்தவர். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூரைக்கடியில் தொங்கிய தப்பைப் பார்த்துவிட்டுத் தேநீரைத் தொடாமல் போனார்களாம். ரிஸ்வான் சும்மா இருக்க மாட்டாமல், "ரெண்டும் மேளந்தானே மச்சான், பேருல என்ன ஈக்கி?" என்று கேட்டான்.

"தவில்னா எங்க படிச்சீங்கன்னு கேப்பாங்க. தப்புன்னா யாரு மகன்னு கேப்பாங்க."

அனுமதி

நான் சொல்லை மாற்றாமல் விட்டதற்குத் துணிச்சல் காரணம் இல்லை. மாற்றினால் இரண்டு மொழியிலும் புதுப் படிவம், மறுபடி கிராம சேவகர், மறுபடி முத்திரை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. 'தப்பு' என்பதற்குப் பக்கத்தில் 'தோல் வாத்தியம்' என்று சின்னதாக எழுதிக் கொடுத்தேன். படத்தில் யோகனின் தோளுக்குப் பின்னால் தப்பின் விளிம்பு பிறைபோலத் தெரிந்தது. முதலாந் திகதிக்கு ஒரு மாதம் இருக்கையில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள்.

அன்று காலையிலிருந்தே மழை. ஈரத்தில் தோல் தொய்ந்துபோய், தப்பு தலையணையைத் தட்டியது போலக் கேட்டது. அதை நெருப்பில் காட்டினால்தான் இறுகும். மன்றத்தின் மாடியில் எங்களுக்கு முன் ஒரு நடனக் குழு இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பின்புறம் கன்டீன் கூரைக்கடியில் குந்தினோம். எரிக்க அங்கே காய்ந்தது ஒன்றுமில்லை, என் பையில் இருந்த பழைய படிவங்களையும் பிழையான போட்டோகொப்பிகளையும் தவிர. ஒவ்வொரு தாளாகப் பற்றவைத்தேன். யோகன் தப்பை மேலே திருப்பித் திருப்பிக் காட்டினான். காவலாளி குடையோடு ஓடிவந்தார். சாம்பலைப் பார்த்தார், எரியும் தாளில் மன்றத்தின் முத்திரையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பைல் எரிக்கிறதுன்னா பரவால்ல மாத்தயா. மேல சொல்லிட்டு எரிங்க."

பெரட்டு

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள், பக்கத்தில் வதனி மிஸ். என்னையும் ரிஸ்வானையும் சீக்கிரம் முடித்தார்கள். நடுவில் இருந்தவர் யோகனிடம் என்ன தாளம் வாசிப்பான் என்று கேட்டார். யோகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் தப்பை எடுத்து அடிக்க ஆரம்பித்தான்.

அது பெரட்டுத் தப்பு. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வேலைக்குக் கணக்கெடுக்கக் கூப்பிடும் அடி. முதலில் விட்டுவிட்டு, பிறகு நெருங்கி, பிறகு இனிப் படுத்திருக்க முடியாது என்ற மாதிரி. பக்கத்து அலுவலக அறைகளின் கதவுகள் திறந்தன. படியில் ஆட்கள் வந்து நின்றார்கள். நடுவில் இருந்தவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை அவரே கவனிக்கவில்லை. யோகன் நிறுத்தியதும், இது எதற்கு அடிப்பது என்று கேட்டார். அவன் சொன்னான். இதன் பெயர் என்னவென்று எழுதுவது என்றார். "தப்புன்னே எழுதுங்க சார்" என்றான் யோகன், யாரையும் பார்க்காமல். வதனி மிஸ் குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார்:

"எங்கட கந்தோரிலயும் காலமையில ஒருக்கா இதை அடிச்சால் நல்லது."

திருத்தம்

முதலாந் திகதிக்கு நான்கு நாள் இருக்கையில் கடிதம் வந்தது. மானியம் கிடைத்திருந்தது. நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டு, திகன பஸ்ஸில் ஏறி, கடைக்குள் நுழைந்து, அங்கே வரச்சொல்லியிருந்த யோகனின் கையில் கொடுத்தேன். முழுதும் வாசித்தவன் அவன்தான். கீழே அனுமதிக்கப்பட்ட வாத்தியங்கள் வரிசையாக இருந்தன: கிட்டார், கீபோர்ட், மூன்றாவதாகத் தபேலா. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், 'தப்பு திருத்தப்பட்டது.' எங்கேயோ மேலிடத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் எங்கள் எழுத்துப் பிழையைக் கவனித்து உதவியிருந்தார்.

வதனி மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவருக்கும் வருத்தம். இதை மாற்றினால் அடுத்த சுற்றுக்குத்தான் போகும், இப்படியே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் இந்தச் சுற்றிலேயே பணம் வரும் என்றார். "போடு மச்சான், மேடைக்கு வந்து யாரு பாக்கப் போற?" என்று ரிஸ்வான் பேனாவை நீட்டினான். நானும் அதையேதான் நினைத்தேன். இரண்டு பேரும் போட்டுவிட்டு யோகனைப் பார்த்தோம். பேனாவை வாங்கினான், மூடினான், ரிஸ்வானின் சட்டைப் பையில் செருகினான்.

"ஸ்டூடியோவுல தவில்னு போடச் சொன்னது நான்தான். அப்ப அவங்க முன்னால வாசிக்கல. இப்ப வாசிச்சிட்டேன்ல."

கட்டுநாயக்க

முதலாந் திகதி யோகன் போய்விட்டான். கண்டி பஸ் நிலையத்தில் துணிப்பை ஒரு தோளிலும் தப்பு மறு தோளிலுமாக நின்றான். இந்தத் தடவை முன்பக்கம். பஸ் கொண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார், அவன் மடியில் வைத்துக்கொண்டான். மானியத்தை நாங்கள் திருப்பிவிட்டோம். திருப்புவதற்கும் ஒரு படிவம் உண்டு, மூன்று பிரதிகள். ரிஸ்வான் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பிறகு அவனாகவே வந்து, அடுத்த சுற்றுப் படிவத்தின் சிங்களப் பிரதியில் 'பெர' என்பதை விட்டுவிட்டுத் 'தப்பு' என்று ஒலியை அப்படியே எழுதினான். யோகனின் கையெழுத்துக்காகப் படிவத்தைத் தபாலில் அனுப்பினோம். அது திரும்பி வந்த அன்றே அவன் தொலைபேசியில் பேசினான்.

"இங்க ஹொஸ்டல்ல எல்லாம் தோட்டத்துப் பொடியனுகதாண்ணே. ஞாயித்துக்கெழம அடிச்சா யாரு செத்ததுன்னு ஒருத்தனும் கேக்கல, இன்னொரு தரம் அடின்னு கேக்குறானுக."

இப்போது அந்தப் படிவம் மன்றத்தின் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அதில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது, தயவுசெய்து யாரும் அதைத் திருத்திவிட வேண்டாம்.