பட்டன் இல்லாத பியானோ

இரண்டு வருடத்துக்கு முன்பு, மே மாதக் கடைசியில், பங்காரப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது இது. நான் கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கம் ஒரு சர்ச்சில் இருபத்தாறு வருடமாக ஆர்கன் வாசிக்கிறவள். ஞாயிறு ஆராதனை, கல்யாணம், அடக்கம், போட்டிக்குப் போகிறவர்களுக்குத் துணையாக வாசிப்பது என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. பாடகர் குழுவில் யாராவது ஒரு சுரம் தப்பினால், வாசித்துக்கொண்டே திரும்பி முறைப்பேன்.

பழைய ஆர்கனின் துருத்தி கிழிந்து அது மூலைக்குப் போனதும், சர்ச்சில் ஒரு எலெக்ட்ரிக் கீபோர்ட் வாங்கினார்கள். அதில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திவிட்டால் விரல் பழகிய இடத்திலேயே ஓடும், ஸ்ருதி மட்டும் நமக்கு வேண்டிய அளவுக்கு ஏறும் அல்லது இறங்கும். கறுப்புக் கட்டைகள் அதிகம் வரும் ஸ்ருதியில் மாட்டிக்கொண்டு திண்டாட வேண்டாம். நான் அதில் சுகம் கண்டுவிட்டேன். பதினைந்து வருடமாக எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்து, மிச்சத்தைப் பட்டனிடம் விட்டுவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் குழுவில் ஒரு பெண் பாடுவாள். பெங்களூரில் கார்மென்ட் கம்பெனியில் வேலை. விடியும் முன்னே ரயில் ஏறுவாள், திரும்பி வரும்போது இரண்டு பிள்ளைகளும் தூங்கியிருக்கும். பங்காரப்பேட்டையின் அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் வந்தாள். ஒரு பாட்டு பாடிக் காட்ட வேண்டும், கூட வாசிக்க ஆளை நாமே அழைத்துப் போக வேண்டும். “இது கெடைச்சா அரைமணி நேரத்துல வீட்டுக்கு வந்துடலாம்க்கா. பசங்க மூஞ்சிய வெளிச்சத்துல பாக்கலாம்” என்றாள். மூன்று வாரம் பழகினோம். அவள் குரலுக்குப் பாட்டு நான்கு படி இறங்க வேண்டியிருந்தது. பட்டனை நாலு தரம் அழுத்தினேன், அவ்வளவுதான்.

பாடிக் காட்டப் போவதற்கு முதல் நாள் பள்ளி ஆபீசுக்கு போன் போட்டு, வாசிக்க வாத்தியம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறது, கையை வீசிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கீபோர்டைச் சுமக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஹாலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கீபோர்ட் இல்லை, அசல் பியானோ. பியானோவில் ஏது பட்டன்? நான் பழகியபடி வாசித்தால் பாட்டு நான்கு படி மேலே போகும், உச்சத்தில் அவள் குரல் கிழிந்துவிடும். இறக்கி வாசிக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் கறுப்புக் கட்டைகள். என் விரல்கள் அந்தப் பாதையை மறந்து பதினைந்து வருடம் ஆயிற்று.

புடவை மடிப்புக்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே தடம் புரண்டது.

“இன்னாக்கா, புடவைக்குள்ள இன்னா தேடுறீங்க?” என்றாள்.

“டிக்கெட்டத் தேடுறேன்டி” என்றேன். உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அதில் ஒருவர் எங்கள் சர்ச் கமிட்டிக்காரர். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த மேடத்திடம், இவர்தான் எங்கள் ஆர்கனிஸ்ட் என்று பெருமையாகச் சொன்னார். நான் நேராகப் பியானோ முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஆரம்பித்தேன். மூன்றாவது சுரத்திலேயே அபஸ்வரம். நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை முதலிலேயே தப்பு. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என்ன பிரச்சினை என்று கேட்டார்.

பியானோ சரியில்லை என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“என் தப்பு மேடம். வேற ஸ்ருதில பழகிட்டு, வெளிய ஒக்காந்திருக்கும்போதுதான் அக்காகிட்ட எறக்கி வாசிக்கச் சொன்னேன். திடீர்னு சொன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க?”

“பாட்டு டீச்சர் அப்படிச் செய்யலாமா?”

“செய்யக் கூடாது மேடம்.”

மேடம் தாளில் ஏதோ எழுதினார். அந்தப் பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நான் எழுந்திருக்கவில்லை.

அவள் என் பக்கம் குனிந்து, “மொத சுரம் மட்டும் குடுங்கக்கா, நான் பாடிக்கிறேன்” என்றாள். ஒரே ஒரு கறுப்புக் கட்டையை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

தனியாகப் பாடினாள், மூன்று சரணமும். துணை இல்லாமல் பாடினால் நல்ல பாடகர்களுக்கே ஸ்ருதி மெல்ல மெல்ல இறங்கிவிடும். இப்போது இறங்கும், இப்போது இறங்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. மேடம் எழுந்து நேராகப் பியானோவுக்கு வந்தார். முதல் சுரத்திலேயே வந்து முடியும் பாட்டு அது; கடைசிச் சுரத்தை அவளை மறுபடி பாடச் சொல்லி, அவள் நீட்டிக்கொண்டிருக்கும்போதே நான் அழுத்திய அதே கட்டையைத் தொட்டார்.

இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. மேடம் சிரித்துவிட்டு, எங்கள் வகுப்புகளில் பியானோவெல்லாம் கிடையாது, இப்படிப்பட்ட தொண்டைதான் வேண்டும் என்றார். அடுத்த வாரம் அவளுக்கு வேலை ஆர்டர் வந்தது.

பாடிக் காட்டிய அன்றே, பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது பட்டன் விஷயத்தை அவளிடம் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது. அவள் சாதாரணமாக, “தெரியும்க்கா. பியானோ சத்தம் கேட்டதும் ஒங்க மூஞ்சி போன போக்குலயே புரிஞ்சிது” என்றாள்.

“அப்புறம் ஏன்டி பழிய நீ ஏத்துக்கின?”

“எனக்கு இந்த வேலை இல்லன்னா கம்பெனி இருக்குது. ஒங்கள அந்தக் கமிட்டி ஆளு முன்னாடி வுட்டுக் குடுத்தா, ஞாயித்துக்கெழமை நீங்க எப்பிடி சர்ச்சுல போய் ஒக்காருவீங்க?”

பிள்ளைகளின் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பை, அவள் என் பெயருக்காகப் பணயம் வைத்தாள். நானோ அந்த ஹாலில் ‘தப்பு என்னுடையது’ என்று இரண்டு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது, அதனால்தான் அதை இங்கே எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.