பூப்பாதை, பூப்பாடை

1. மூன்று வினாடி சந்தோஷம்

கஸ்டமர் கேரிலிருந்து வந்த மெயில் இரண்டே வரி. "சப்ஸ்க்ரைபர் தப்பான பாட்டு வருகிறது என்கிறார், மொழி தமிழ். கேட்டுப் பார்த்துவிட்டு க்ளோஸ் செய்யவும்." கீழே ஒரு மொபைல் நம்பர்.

இரண்டாயிரத்து ஏழு, டிசம்பர் முதல் வாரம். ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு காலர் ட்யூன் கம்பெனியில் எனக்கு வேலை. இன்றைய பிள்ளைகளுக்குக் காலர் ட்யூன் என்றால் புரியுமோ என்னமோ. உங்களை ஒருவர் ஃபோனில் கூப்பிட்டால், நீங்கள் எடுக்கும் வரை அவர் காதில் மணிச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு பாட்டு ஓடும். பாட்டை வைத்தவருக்கு அது கேட்காது, கூப்பிடுகிறவருக்குத்தான் கேட்கும். அந்தப் பாட்டுகளை முப்பது வினாடிக்கு வெட்டி, நம்பர் கொடுத்து, சர்வரில் ஏற்றுவது எங்கள் பிழைப்பு. தமிழுக்கு மொத்தமும் நான் ஒருத்திதான்.

அந்த நம்பரை அடித்தேன். பறைச் சத்தம் வந்தது. பின்னாலேயே ஒரு கிழவியின் உடைந்த குரல்: "பூப்பாடை போகுதம்மா..."

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று வினாடி எனக்குச் சந்தோஷம்தான். அந்த வருஷம் வந்த பாட்டுகளிலேயே எனக்கு உசிரான பாட்டு அது. அட, இதையும் ஒருத்தர் வைத்திருக்கிறாரே என்று சிரித்துக்கொண்டே, அவர் எடுப்பதற்குள் கட் செய்தேன். அப்புறம் ஸ்க்ரீனில் அவர் என்ன பாட்டுக் கேட்டிருந்தார் என்று பார்த்தேன். "பூப்பாதை". கல்யாணப் பாட்டு.

மறுபடி அடித்துப் பார்த்தேன். அதே பறை.

2. என் பட்டியல்

வருஷக் கடைசியில் ஒவ்வொரு மொழிக்கும் 'இந்த வருஷத்து டாப் 25' போடுவோம். தெலுங்குக்கும் ஹிந்திக்கும் டவுன்லோடு கணக்கைப் பார்த்து வரிசை போடுவார்கள். தமிழை யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் ஹெட் ஸ்ரீலதா மேடம் தெலுங்குக்காரர். "பிரேமா, நீயே பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டுப் பைத்தியத்தின் கையில் அப்படிக் கொடுக்கலாமா? குதித்துக்கொண்டு செய்தேன்.

அந்த வருஷம் வந்த முக்கால்வாசி சினிமா ஆல்பங்களில் ஒரு பாட்டு தேறும், மீதி ரொப்புகிற சரக்கு. ஒரு பெரிய படத்தின் ஆல்பத்தை ஊரே தூக்கிவைத்து ஆடியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆறு பாட்டிலும் ஒரே தாளம், எடுத்துப் போட்ட மாதிரி. அதைப் பதினெட்டாம் இடத்துக்குத் தள்ளினேன். யார் கேட்பார்கள் என்ற தெனாவட்டுதான். ஒரு சின்னப் படத்தில் நாதஸ்வரத்தோடு ஆரம்பிக்கும் 'பூப்பாதை' நல்ல பாட்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வர வழியெல்லாம் பூப் போட்டிருக்கிறோம் என்று வரும். அது ஏழாவது.

முதலிடம் சினிமாப் பாட்டுக்குக் கொடுக்கவில்லை. ஒப்பாரி பாடும் பெண்கள் நான்கு பேரை உட்காரவைத்து யாரோ ஒரு புண்ணியவான் பதிவு செய்து வெளியிட்ட ஆல்பம் அது. நடுவில் ஒருத்தி இருமுவதுகூடக் கேட்கும். அதில் மூன்றாவது பாட்டு 'பூப்பாடை'. அமீர்பேட் ஹாஸ்டலில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, அறைத்தோழி பயப்படுகிற அளவுக்கு அழுதிருக்கிறேன். காலர் ட்யூனில் ஒப்பாரியை எவனும் வைக்க மாட்டான் என்று எனக்கும் தெரியும். என் பட்டியல், என் முதலிடம். அவ்வளவுதான்.

3. ஒரே பெயர்

சர்வர் பார்த்துக்கொண்ட கோபியிடம் ஓடினேன். கோபி செகந்திராபாத் தமிழன். தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

"எதுக்கு இப்படி ஓடி வர்றே? உட்காரு முதல்ல."

"கோபி, ஏழாம் நம்பர்ல ஒண்ணாம் நம்பர் பாட்டு ஓடுது."

அவன் இரண்டு ஃபைல்களையும் தேடினான். இரண்டு இல்லை, ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் poopadai.

எங்களுக்கு எல்லா மொழிக்கும் சேர்த்து ஒரே ஸ்பெல்லிங் ஷீட். ஃபைல் பெயரில் h கிடையாது, நெடிலுக்கு இரண்டு a கிடையாது. த-வும் d, ட-வும் d. பூப்பாதை என்றாலும் poopadai, பூப்பாடை என்றாலும் poopadai. ஐந்து நாளைக்கு முன்னால் நான் இருபத்தைந்தாவது பாட்டிலிருந்து மேலே மேலே ஏற்றிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒன்றாவதை ஏற்றும்போது 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, மாற்றவா' என்று கேட்டது. முந்தின நாள் சோதனைக்கு ஏற்றியதைச் சொல்கிறது என்று நினைத்து 'யெஸ்' அடித்தேன். கல்யாணப் பாட்டின் மேல் ஒப்பாரி ஏறி உட்கார்ந்துவிட்டது. ஏற்றி முடித்ததும் டெஸ்ட் கால் போட்டுக் கேட்டேனா? கேட்டேன். முதல் ஐந்து பாட்டை மட்டும். ஒப்பாரி அருமையாக ஓடியது!

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது" என்றான் கோபி. "ஹவ், தப்புதான். பத்து நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன். டென்ஷன் நக்கோ." இந்த ஊர் உருதுவில் 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

அவன் சொன்னபடி பத்து நிமிஷத்தில் சரி செய்தான். 'பூப்பாதை'யை வைத்திருந்தவர்கள் பட்டியலையும் எடுத்துக் கொடுத்தான். அறுபத்து மூன்று பேர். ஐந்து நாளாக அறுபத்து மூன்று வீட்டு ஃபோனில் பாடை போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தருக்கும் தெரியாது, அவரவர் ஃபோன் அவரவருக்குக் கேட்காதே.

4. செல்லையா

புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். இப்போது நாதஸ்வரம் வந்தது. எடுத்ததும் கம்பெனி பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நல்லாயிருப்பீங்களா நீங்க? மக கல்யாணத்துக்குப் பாட்டு வச்சா எழவுப் பாட்டா போடுவீக? கோயில்பட்டியில இருந்து என் மச்சினன் கூப்பிட்டு 'யாரு போயிட்டா மாமா'ன்னு அழுறான்!"

பெயர் செல்லையா. பாலாநகரில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். மகளுக்கு நாளை மறுநாள் கல்யாணம், கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். அதை விட்டால் மார்கழி, தை பிறக்கிற வரை பேச்சே இல்லை.

"மன்னிச்சிருங்க சார், இப்ப சரி பண்ணியாச்சு" என்றேன்.

அவர் குரல் சட்டென்று இறங்கியது. கத்தினதே தேவலாம் போலிருந்தது.

"நீ சரி பண்ணி என்ன தாயி... மாப்பிள்ளையோட அப்பா தவறி எட்டு மாசந்தான் ஆகுது. வருஷம் திரும்புறதுக்குள்ள நல்லது நடக்கணும்னுதான் இந்த அவசரம். அந்த வீட்டம்மா நேத்துல இருந்து பதினோரு தடவை கூப்பிட்டிருக்காக. நான் எடுக்குறதுக்குள்ள வச்சிருறாக. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாக. அபசகுனம்னு நினைச்சுட்டாக தாயி. கல்யாணத்தை நிறுத்தப் போறாக. எம் மக இன்னும் சாப்பிடலை."

ஒரு ஃபைல் பெயர். ஒரு 'யெஸ்'. ஒரு பெண்ணின் கல்யாணம்.

5. மேடம் சொன்னது

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எனக்கு அந்த மாதத்தோடு ப்ரொபேஷன் முடிகிறது, கன்ஃபர்மேஷன் லெட்டர் அவர் மேஜையில்தான் இருந்தது.

"டெக்னிகல் இஷ்யூன்னு சொல்லு. சாரி செப்பு, அந்தே. ஃபால்ட் மனதி அனி செப்பொத்து" என்றார். சாரி சொன்னால் போதும், தப்பு நம்முடையது என்று மட்டும் சொல்லாதே என்கிறார்.

"மேடம், அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு தடவை போய் வரட்டுமா?"

"வீட்டுக்கா? நாம பாட்டு விக்கறோம் பிரேமா. வீடு வீடா போறதில்ல."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏதோ பெரிய தைரியம் என்று நினைக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்திருந்தால் செத்துவிடுவேன் போலிருந்தது.

6. மோண்டா மார்க்கெட் பின்னால்

மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி செல்லையாவுக்கு ஃபோன் செய்திருந்தேன். செகந்திராபாத் மோண்டா மார்க்கெட் வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். ஃபேக்டரி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஏமாந்துபோன முகம்.

"நீதானா? பெரிய ஆபீசர் யாராச்சும் வருவாகன்னு நினைச்சேன்."

"நான்தான் சார் செஞ்சேன். வேற யாரும் வந்து என்ன சொல்லப் போறாங்க?"

மாப்பிள்ளை வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. அதைப் பிடுங்கவில்லை என்று பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மாவே. பெயர் பாக்கியம், ரயில்வேக்காரரின் மனைவி, பிறந்து வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். கண் வீங்கியிருந்தது. செல்லையாவைப் பார்த்ததும் பதறிப்போய் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி. நானே வந்து சொல்லணும்னு... இது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா ஆரம்பித்துவிட்டார்.

"கோவிச்சுக்க நக்கோ சம்பந்தி. மண்டபத்து விஷயமா நேத்து உங்களைக் கூப்பிட்டேன். அந்தப் பாட்டு வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு போனப்ப இந்தச் சந்துல எல்லாரும் வந்தாங்க. நல்லவங்கதான். ஆனா தமிழ்ல வாய்விட்டு அழ ஒருத்தர் இல்ல. ஒப்பாரி யாருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. எல்லாம் பேசாம உட்கார்ந்திருந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. எட்டு மாசமா அது இங்க நிக்குது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் அழுதேன். மறுபடி மறுபடி கூப்பிட்டேன். நீங்க எடுத்துட்டா பாட்டு நின்னு போயிருமே, அதான் அதுக்குள்ள கட் பண்ணிருவேன். நீங்க திருப்பிக் கூப்பிட்டா என்னன்னு சொல்றது? பேச இல்ல, பாட்டுக் கேக்கக் கூப்பிட்டேன்னா? வெக்கமா இருந்துச்சு."

செல்லையா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இவருக்காகத்தானே வச்சீங்க? நல்ல நேரத்துல இதை யாரு செய்வா சம்பந்தி..." என்று அந்தம்மா கும்பிட்டார்.

செல்லையா என்னைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் எல்லாம் சுபம். மேடம் சொன்னதை மீறின மாதிரியும் ஆகாது. ஆனால் கல்யாணத்தில் கோயில்பட்டி மச்சினன் வாயைத் திறந்தால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும். அதையும் தாண்டி, அந்தக் கும்பிடு எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அது சார் வச்ச பாட்டு இல்ல. அவரு கல்யாணப் பாட்டுத்தான் கேட்டாரு. நான்தான் மாத்தி ஏத்திட்டேன். என் தப்பு."

அந்தம்மாவின் முகம் இறுகிவிட்டது. போச்சு, நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கடவுளே, இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அவர் ஃபோனை எடுத்து நம்பர் அடித்தார். செல்லையாவின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் பழக்கத்தில் கையை விட்டார்.

"எடுக்காதீங்க சம்பந்தி."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாக்கியம்மா ஃபோனைக் காதில் வைத்து முழுப் பாட்டையும் கேட்டார். எங்களுக்கு அந்த மணிச் சத்தம்தான்.

"நாதஸ்வரம் நல்லாருக்கு" என்றார். "கல்யாணத்துக்கு இதுதான் சரி. பொண்ணைச் சாப்பிடச் சொல்லுங்க." செல்லையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்து முடிக்கிற வரை அந்தம்மா வேறு பக்கம் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார். "அந்தப் பாட்டை என் ஃபோன்ல வச்சுத் தர்றியாம்மா?"

"உங்க ஃபோன்ல வச்சா உங்களுக்குக் கேக்காதும்மா. கூப்பிடறவங்களுக்குத்தான் கேக்கும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. ஒரு தாளில் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

"என் ஃபோன்ல வச்சிடறேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க. நான் எடுக்க மாட்டேன்."

7. அப்புறம்

மீதி அறுபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க நான்கு நாள் ஆனது. ஏழெட்டு வீட்டில் நாறடித்தார்கள். கேட்டுக்கொண்டேன். ஸ்பெல்லிங் ஷீட்டை மாற்றவைத்தேன், ஃபைல் பெயரில் பாட்டு நம்பரும் சேர்ந்தது. இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் ஏற்றிய ஒவ்வொன்றையும், இருபத்தைந்து என்றால் இருபத்தைந்தையும், கூப்பிடுகிறவரின் காதிலிருந்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள். வைத்தவருக்குக் கேட்காது.

கல்யாணம் முடிந்த மறு வாரம் ஸ்ரீலதா மேடம் கூப்பிட்டார். கஸ்டமரிடம் தப்பு நம்முடையது என்று ஒப்புக்கொண்டதற்காக ப்ரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். முகத்துக்கு நேரே, மரியாதையாகத்தான் சொன்னார். இனி பட்டியலை டவுன்லோடு கணக்குப்படிதான் போட வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மேஜை மேல் என் ஃபோன் அதிர ஆரம்பித்தது. பாக்கியம்மாவின் நம்பர். நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"எடுத்துப் பேசு, பரவாயில்ல" என்றார் மேடம்.

நான் எடுக்கவில்லை.