பேச்சு இருக்கும் இடம்

என் வீட்டுக்காரர் மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். நான் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள். எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்றி யாரும் ஒரு மீனை விற்றதில்லை. ஓயாத தலைவலி என்று எடுத்த முதல் ஸ்கேனில் அவர் தலையில் கட்டி என்று தெரிந்ததும், அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். கட்டி மூளையில் இடது பக்கம், பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு பக்கம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வெட்டலாம் என்று சொல்ல முடியும். அதற்கு இன்னொரு ஸ்கேன். மெஷினுக்குள் படுத்துக்கொண்டு, காட்டுகிற படங்களின் பெயரை மனசுக்குள் சொல்ல வேண்டும். அப்போது மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று தெரியுமாம்.

முதலில் வெளியே வைத்துப் பழக்கினார்கள். டாக்டரம்மா அட்டைகளைக் காட்டினார். சாவி, குடை, நாற்காலி. வீட்டுக்காரர் கொஞ்சம் நிதானமாக எல்லாம் சொன்னார். அடுத்து மீன் வரைந்த அட்டை. பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா ஏதோ குறித்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்த தப்புன்னு எழுதிடாதம்மா. எங்காளுங்க சும்மா மீனுன்னு சொல்ல மாட்டாங்க. இன்னா மீனுன்னுதான் சொல்லுவாங்க. நீ காட்றதுக்குப் பேரே கெடையாது. வாலு ஒரு மீனுது, வாயி ஒரு மீனுது."

வீட்டுக்காரர் சிரித்தார். "யாரோ கொயந்த வரைஞ்சிகீதுமே" என்றார்.

டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். "சரிம்மா, உங்ககிட்ட நல்ல படம் இருக்கா?"

இருந்தது. மயிலாப்பூர் பக்கத்து வாடிக்கைக்காரர்களுக்குத் தினம் காலையில் போனில் படம் எடுத்து அனுப்புகிறவள் நான். முந்தின நாள் எடுத்த வஞ்சிரத்தைத் திறந்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

போனை வாங்கினார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது..." என்றார். கையைக் கத்தி மாதிரி வைத்துக் குறுக்கே துண்டு போட்டுக் காட்டினார். "இது வந்து... கண்ணாலத்துக்குக் கேப்பாங்களே. நீ விப்பியே."

பெயர் வரவில்லை. அடுத்த படத்தைத் தள்ளினேன், சங்கரா. அதற்கும் வரவில்லை. மூன்றாவதைத் தள்ளப் போன என் கையை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "போதும்மா" என்றார். அந்தக் குரலில் ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தச் சத்தம் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு வரைக்கும் கேட்டது. "படகு இன்ஜினுல தல வெச்சாமாரி கீது" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கம்ப்யூட்டரில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளை. பேச்சு வேலை செய்த இடம் மட்டும் நெருப்பு நிறம். கட்டி அதன்மேல் சாய்ந்து கிடந்தது.

"முழுசா எடுத்தா அவருக்கு நாள் கூடக் கிடைக்கும். ஆனா பேச்சு அநேகமாப் போயிடும். பேச்சு வேணும்னா கொஞ்சம் கட்டியை விட்டு வைக்கணும். அது திரும்ப வளரும்மா."

"முய்சா எடுத்துரும்மா" என்றேன். யோசிக்கவே இல்லை. "அவரு இன்னா மேடையில பேசப் போறாரா? ஊட்ல குந்திகினு இருந்தா போதும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரேடியா என் வாய அடச்சிடலாம்னு பாக்குறியாமே?" பிறகு டாக்டரம்மாவிடம், "கொஞ்சம் உட்டு வெய்யிம்மா. இவகூட குப்ப கொட்ட வாயி வேணும்" என்றார்.

டாக்டரம்மா அவர் சொன்னதைத்தான் கேட்டார். தலை அவருடையது. அடையாறு பாலம் தாண்டி வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

அவர் கேட்டபடியே வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பு இல்லை என்றார், ஃபேன் கத்துகிறது என்றார், டிவியில் செய்தி படிக்கிறவனைத் திட்டினார். பெயர் வராத இடத்தில் அத்த, இத்த என்று ஒட்டுப்போட்டுப் பேசினார். மழைக்காலத்தில் எடுத்த ஸ்கேனில் கட்டி முன்னைவிடப் பெரிதாக இருந்தது. பொங்கலுக்கு அவர் இல்லை.

கடைசி வரைக்கும் பேசிக்கினே போனாரு, கொடுத்து வெச்சவரு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் பேசினதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் மீன் விற்றுவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது எனக்கு.