வீரை மரத்தடியில் விட்ட செருப்பு

என்னிடம் ஒற்றைச் செருப்பு ஒன்று கனகாலம் கிடந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, வலது காலுடையது. மேசன் வேலைக்குக் கொண்டுபோகும் சாமான் சாக்கில், சாந்து பூசும் சாந்தகப்பைக்கு அடியில் கிடக்கும். எறியச் சொல்லி மனைவி பல தடவை சொன்னாள். நான் எறியவில்லை. காரணம் சொல்லவும் இல்லை. அதன் சோடியைக் குமணைக் காட்டுப் பாதையில், ஒரு வீரை மரத்தடியில் விட்டு வந்திருந்தேன்.

நாட்டில் சண்டை முடிந்து அந்தக் காட்டைத் திறந்துவிட்ட காலம். எங்கள் கரையில் எல்லோரும் வேன் பிடித்துப் போய் வந்து கதை கதையாகச் சொன்னார்கள். என் மச்சானுக்கும் ஆசை வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே கூட்டாளி, பிறகு என் தங்கச்சியைக் கலியாணம் முடித்தவன். சந்தையில் மீன் வெட்டுவான், வாய் ஓயாமல் கதைப்பான். இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் பொத்துவில் தாண்டி, பாணமை தாண்டிப் போனோம். காட்டு வாசலில் வேறு ஆட்களின் ஜீப்பில் இடம் கேட்டு ஏறிக்கொண்டோம். காடு அவ்வளவு பெரிசு என்று நான் நினைத்திருக்கவில்லை. எங்கள் வயல் வட்டைக்குள் நின்றால் ஒரு கரையிலாவது ஊர் தெரியும். அங்கே எந்தக் கரையும் தெரியவில்லை. குளத்து மரமெல்லாம் நாரை. கரடி ஒன்று பாலைப்பழம் தின்றுகொண்டு நின்றது, எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மச்சான்கூடக் கதைக்காமல் இருந்தான். ஜீப்பை விட்டு இறங்க வேண்டாம் என்று ஓட்டுநர் பத்துத் தடவை சொன்னார். நாங்கள் இறங்கவில்லை.

பிழை விட்டது திரும்பி வரும்போதுதான். அசர் தொழுகைக்கு நேரம் போகிறதென்று, பாதையோரத்தில் தண்ணீர் கண்ட இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். முகம் கை கால் கழுவி ஒளுச் செய்து, தொழுது, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினால், எங்களுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் தனியன் யானை. சத்தமே இல்லாமல் வந்திருந்தது. பக்கத்தில் நின்ற வீரை மரத்துக்கு ஓடினோம். மச்சான் முதலில் ஏறினான். நான் கொப்பைப் பிடித்தேன், கை விட்டுப்போயிற்று. விழுந்தேன். இடது செருப்பு கழன்றது. இன்னொரு தடவை ஏறிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனை மரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். உகந்தைக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய பாண்டிருப்பு ஆட்களின் வேன் கண்ணில் பட்டது. அதில் ஏறி, ஹோன் அடித்துக்கொண்டு வந்தோம். யானை போய்விட்டிருந்தது. மச்சான் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். உயிரோடு இருந்தான். இறங்கி வந்து, போவோம் என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தேட நான் நிற்கவில்லை.

ஊரில் அது பகிடியாகிவிட்டது. "என்ட புருசன ஆனைக்கிக் குடுத்துட்டு ஓடின காக்கா வாறாரு, தேத்தண்ணி ஊத்துங்க" என்று தங்கச்சி சொல்லுவாள். எங்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது. எல்லோரும் சிரிப்பார்கள். மச்சான் மட்டும் எழும்பி வெளியே போய்விடுவான். அவன் மன்னிக்கவில்லை என்று விளங்கிக்கொண்டேன். கலியாண வீடுகளில் ஒரே சகன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டோம். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கட்டட வேலையில் சாரத்தில் ஏறி நின்றால் கடைசி ஆள் இறங்கும்வரை இறங்குவதில்லை. கூட வேலை செய்தவர்கள் நல்ல மனிசன் என்றார்கள். நல்ல குணத்தால் செய்தது இல்லை. நான் விட்டுவிட்டு ஓடுகிற ஆள் என்று எனக்குத் தெரியும், அதனால்.

போன வருசம் மச்சானுக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நான் முற்றத்தில் சாமான் கழுவிக்கொண்டிருந்தபோது தனியாக வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மச்சான், அண்டைக்கி உன்ட கை வழுக்கல்ல. நான்தான் காலால மிதிச்சன். கொப்பு ரெண்டு பேரத் தாங்காதெண்டு நினைச்சிட்டன். நீ ஒரு நாளும் ஏனெண்டு கேக்கல்ல. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை."

என் கையைப் பார்த்தேன். அன்றைக்குச் சின்னவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது ஞாபகம் வந்தது. மரம் உரசியது என்றுதான் இருந்தேன். எனக்குத் தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. உன்னை விட்டுவிட்டு ஓடிய வெட்கத்தில்தான் நான் வாய் திறக்கவில்லை என்று சொன்னேன். அதற்கு அவன் சொன்னான்:

"நீ ஓடினதாலதானே வேன் வந்த. நிண்டிருந்தா ரெண்டு பேரும் செத்து மையித்துத்தான்."

கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. நாள் முழுக்கச் சுமந்த சாந்துச் சட்டியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மாப்புக் கொடுத்தேன். நானும் கேட்டேன்.

திரும்பி வந்தவன் எல்லோருக்கும் தொழுகைப் பாயும் ஈத்தம்பழமும் கொண்டுவந்தான். எனக்கு மட்டும் ஒரு சோடி தோல் செருப்பு. போட்டுப் பார்த்தேன், பெரிசு.

"பெரிசாத்தான் எடுத்தன். இனி நீ ஓடமாட்டாய்" என்றான்.

இந்த வருசம் இரண்டு குடும்பமும் வேன் பிடித்துக் குமணைக்குப் போனோம். நான் அந்தச் செருப்பைத்தான் போட்டிருந்தேன். வீரை மரம் அப்படியே நின்றது. தங்கச்சி வேனை மெதுவாக்கச் சொல்லி, யன்னலால் கொப்பைப் பார்த்தாள்.

"இந்தக் கொப்பு அஞ்சு பேரத் தாங்குமே காக்கா. நீங்களும் ஏறியிருக்கலாமே?"

மச்சான் என்னைப் பார்த்தான்.

"கை வழுக்கிட்டு" என்றேன்.

வீட்டுக்கு வந்து சாமான் சாக்கைக் கொட்டினேன். ஒற்றைச் செருப்பை எடுத்துக் குப்பைக்குள் போட்டேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.