பதினோரு நிமிஷம்

பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர், கண்டக்டர், டீக்கடைக்காரர் எல்லாருக்கும் அவர் 'நிமிஷம்'. முப்பத்தோரு வருடம் அங்கே டைம் கீப்பராக இருந்தார். மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு, அதற்குள் ஒரு சுவர்க்கடிகாரம், நூலில் கட்டிய பேனா, கழுத்தில் விசில். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று எழுதி, நேரம் வந்ததும் விசில் ஊதி அனுப்பிவைப்பது வேலை. அந்தக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் உலகத்தையே தான்தான் சுற்றவிடுவதாக அவருக்கு நினைப்பு.

லேட்டாக வந்த டிரைவரைத் திட்டுவது எல்லா டைம் கீப்பரும் செய்வதுதான். இவர் சீக்கிரம் வந்த டிரைவரை இன்னும் அதிகமாகத் திட்டுவார். "நீ அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்துட்டே, சரி. உன்னை நம்பி வழியில நேரத்துக்கு வந்து நிக்கிறவன் என்ன பண்ணுவான்?" என்பார். நியாயம்தான். ஆனால் இந்த நியாயத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். கல்யாண வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டால், உள்ளே நுழையாமல் தெருமுனையில் என்னையும் நிற்கவைப்பார்.

யாருக்காகவும் ஒரு பஸ்ஸையும் நிறுத்திவைத்ததில்லை. மூட்டையும் முடிச்சுமாக ஓடிவருகிறவர்களைப் பார்த்து டிரைவருக்கே மனசு இளகும், இவருக்கு இளகாது. ஒருமுறை ஓடிவந்தது நான். இடுப்பில் பதினோரு மாதக் கைக்குழந்தை, தோளில் பை, அக்கா வீட்டுக்குப் போகக் கிளம்பியிருந்தேன். பத்தே பத்து அடி இருக்கும்போது விசில் சத்தம் கேட்டது, பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிஷம். கூண்டுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஐம்பது நிமிஷமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். "கூட்டத்துல நீ வந்ததைக் கவனிக்கலை" என்றார். அந்த டீயை நான் தொடவில்லை. ஆடை படிந்து ஆறிப்போய் அங்கேயே கிடந்தது. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லி இவர் மானத்தை வாங்காமல் நான் விட்டதில்லை.

அன்று இடுப்பில் இருந்த குழந்தைதான் எங்கள் மகள். இப்போது உல்லாசக் கப்பல் ஒன்றில் ரொட்டி சுடும் பிரிவில் இருக்கிறாள். விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டாயிரம் பேருக்கு மாவு பிசையவேண்டும். ஒன்பது மாதத்தில் வந்துவிடுவேன் என்று போனவள். பதிலுக்கு வரவேண்டிய ஆள் வராததால் அப்படியே அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு மாதமாக அவளைப் போன் திரையில்தான் பார்க்கிறோம். அதிலும் பாதி நேரம் நெற்றியும் மின்விளக்கும்தான் தெரியும்.

ஒருநாள் போனில் அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். கப்பல் எங்கள் பக்கம் வருகிறது. நான்கு நாள் பயணத்தில் காலியாக இருக்கும் அறைகளில் ஊழியர்களின் அப்பா அம்மா வரலாமாம். அதை விட்டால் கப்பல் உலகத்தின் அந்தப் பக்கம் போய்விடும், திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நாங்கள் விமானத்தில் போய்த் துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கவேண்டும். கடைசியில் அவள் சொன்னது ஒன்றுதான்: "அப்பா, பிளைட் லேட்டாச்சுன்னா கப்பல் நிக்காது. முந்தின நாளே வந்துடுங்க."

இவர் கேட்பாரா? "முந்தின நாளே போய் அங்க என்னம்மா பண்றது? முன்னாடி போறதும் தப்புதான்" என்றார். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கூண்டில் எழுதுவது போலக் கட்டம் போட்டு எழுதினார். விமானம் கிளம்புவது ஒன்பது நாற்பது, இறங்குவது பதினொன்று பத்து, துறைமுகம் பன்னிரண்டேகால். கப்பல் கிளம்புவது மாலை ஐந்து. "நாலேமுக்கால் மணி நேரம் கையில இருக்கு. போதாதா?" என்று அந்தத் தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார். முந்தின நாளே போய்விடலாம் என்றுதான் எனக்கு. இருந்தாலும் நேரத்தைப் பற்றி இவரிடம் வாதம் செய்து ஜெயித்த ஆள் யார் இருக்கிறார்கள்?

அந்த நாள் விமான நிலையத்தில் பெட்டி இரண்டையும் உள்ளே போட்டுவிட்டு உட்கார்ந்தோம். பலகையில் ஒன்பது நாற்பது என்று இருந்தது பத்தரை ஆனது. இவர் சட்டைப்பை நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பத்தரை, பதினொன்றே முக்கால் ஆனது. அதையும் குறித்தார். வரவேண்டிய விமானமே இன்னும் வரவில்லையாம். "வண்டியே வரலைன்னா டைம் கீப்பர் என்ன செய்வான், பாவம்" என்றார். அவருக்கு விமானக்காரர்கள் மேல் பரிதாபம், எனக்கு அவர் மேல் கோபம். பலகை பன்னிரண்டு ஐம்பது என்று காட்டியபோது எழுந்து கவுன்ட்டருக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். காலையிலிருந்து எல்லாரிடமும் திட்டு வாங்கிக் களைத்துப்போயிருந்தாள். இவர் திட்டவில்லை. "ஒண்ணும் அவசரமில்லம்மா. கப்பல் அஞ்சு மணிக்குத்தான். போயிடலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார். அவள் கப்பல் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பிடும். ஆனா ஏறுறதுக்குக் கடைசி நேரம் மூணரை. கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்க."

"அதெப்படிம்மா? கிளம்புற நேரம்தானே நேரம்? கிளம்புற வரைக்கும் ஏறலாமே."

அவள் என்ன சொல்லுவாள்? இவர் பார்த்த வண்டி எல்லாம் அப்படித்தான். விசில் ஊதும்வரை ஏறலாம், ஊதின பிறகும் நாலு பேர் படிக்கட்டில் தொற்றிக்கொள்வார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டு வெறுமனே நிற்கும் வண்டியை இவர் கனவில்கூடக் கண்டதில்லை. மற்றவர்கள் யாராயிருந்தாலும் அந்தப் பொடி எழுத்தைப் படித்திருப்பார்கள். கிளம்பும் நேரத்தைப் பற்றித் தனக்கு மேல் தெரிந்தவர் யாருமில்லை என்று இருந்த இவர் படிக்கவில்லை.

நாற்காலியில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "தப்பு பண்ணிட்டேன்" என்றார். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். வாங்கு வாங்கென்று வாங்குவதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது வாய் எழவில்லை. நான் மகளின் பிள்ளைப் பருவத்து முகத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவரும் அதையேதான் நினைத்திருப்பார்.

கவுன்ட்டர் பெண் தானாகவே எழுந்து வந்தாள். எங்கள் இருக்கையை முதல் வரிசைக்கு மாற்றித் தந்தாள். கப்பல்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தாள், யாரும் எடுக்கவில்லை. மகளுக்கு நான் அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. கப்பலில் வேலை நேரத்தில் ஊழியர்கள் போனைப் பெட்டியில் பூட்டிவைத்துவிடவேண்டுமாம்.

"அங்க இறங்கினதும் பெட்டிக்காக நிக்காதீங்கம்மா. நேரா டாக்ஸிக்கு ஓடுங்க. பெட்டியை உங்க வீட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்றேன்" என்றாள்.

"பெட்டியிலதாம்மா எல்லாம் இருக்கு. மகளுக்கு வாங்கினது, மாத்துத் துணி, எல்லாமே."

"பெட்டி எப்படியும் உங்க வீட்டுக்கு வந்துடும்மா. கப்பல் வராது."

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் அவள் நன்றாக இருக்கவேண்டும்.

இறங்கி வெளியே வந்தபோது இரண்டு முப்பத்தைந்து. டாக்ஸிக்காரர் தொந்தியும் தொப்பியுமாக இருந்தார், வாயைத் திறந்தால் மூடாத ரகம். எங்கள் விஷயத்தைக் கேட்டதும், "சரி, பேச்செல்லாம் அப்புறம்" என்று ரேடியோவை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தார். துறைமுகத்துக்குக் கிட்டத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மூன்றரை மணியானது. அவர் வண்டியை ஓரம் கட்டி, ரோட்டுக்கு மேலே போகும் நடைபாலத்தைக் காட்டினார். "வண்டியில வந்தா இன்னும் அரைமணி ஆகும். இந்தப் படி ஏறி இறங்கினா வலது பக்கம் வாசல். ஓடிடுங்க. விட்டுடாதீங்க."

ஓடினோம். ஓடிவருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று முப்பத்தோரு வருடம் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தவர், அன்று என் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு தானே ஓடினார். ஒரு கையால் வேட்டி அவிழ்ந்துவிடாமல் பிடிப்பவர் போலக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டார், பெல்ட்டைச் சோதனையில் கழற்றிப் பைக்குள் போட்டதை மறந்திருந்தார். மூச்சு வாங்கியது. எனக்காக ஒருதடவைகூட நிற்கவில்லை. அதற்காக அன்று நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

வாசலில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. கருநீலச் சீருடையில் ஒரு நடுவயது அம்மாள் கையில் பட்டியலோடு நின்றாள், கழுத்தில் வாக்கி டாக்கி தொங்கியது. கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு நாப்பத்தொண்ணு. பதினோரு நிமிஷம் லேட்."

நான் அழுவதற்குத் தயாராகிவிட்டேன். மகள் கதை, இருபத்திரண்டு மாதக் கதை எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் இவர் முந்திக்கொண்டார்.

"ஆமாம்மா. தப்பு எங்க மேலதான். பொடி எழுத்தைப் படிக்கலை. நானும் இதே வேலை பார்த்தவன், பஸ்ல. உங்க இடத்துல நான் இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் உயிரே இல்லை. இப்படியும் ஒரு மனுஷன் பிழைக்கத் தெரியாமல் இருப்பாரா? அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தோளில் பெண்கள் கைப்பை, கையில் பிடித்த கால்சட்டை, நெற்றி முழுக்க வியர்வை.

"நல்லவேளை, நீங்க என் இடத்துல இல்ல" என்றாள்.

பிறகு வாக்கி டாக்கியில், "கடைசி ரெண்டு பேர் வந்தாச்சு, இப்ப மூடிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே 'ஊழியரின் பெற்றோர்' என்று இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் மூன்றரைக்கு மூடாமல் நின்றாளாம். இவர் இரண்டு கையையும் கூப்பினார், கால்சட்டை நழுவியது, நான் பிடித்தேன்.

நாலரை மணிக்கு வெள்ளைத் தொப்பியோடு மகள் ஓடிவந்தாள். காதுமடலில் மாவு, கைகள் என் கைகளைவிடச் சொரசொரப்பு. எங்களைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்சநேரம் கழித்து, "உங்களை நினைச்சுக்கிட்டே ரெண்டு தட்டு ரொட்டியைக் கருக்கிட்டேம்மா" என்றாள். இளைத்திருந்தாள். ஆனால் முழுசாக, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாள். எனக்கு அதுபோதும். எந்தச் சாமியை, எந்த மனிதரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் மனசுக்குள் கும்பிட்டேன். இரவு வேலை முடிந்து வருவதாகச் சொல்லிவிட்டு, மாற்றுத் துணியில்லாத எங்களுக்குத் தன் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். 'ரொட்டிப் பிரிவு' என்று முதுகில் எழுதிய சட்டையைத்தான் அந்த நாலு நாளும் இவர் போட்டுக்கொண்டிருந்தார்.

மேல்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கப்பல் சங்கு ஊதியது. பழக்க தோஷத்தில் இவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு நாலு" என்றார். நோட்டை எடுப்பார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. கரை மெதுவாக விலகியது. கீழே அந்த நீலச் சீருடை அம்மாள் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ குழந்தையோட ஓடிவந்தியே" என்றார், என்னைப் பார்க்காமல். "கவனிக்கலைன்னு சொன்னேன். பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விசில் ஊதினேன்."

"தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"கவனிக்காதவர் எதுக்கு டீ வாங்கிட்டு வரணும்?"

அவர் கம்பியையே தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததை நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"அங்க மூலையில டீ வச்சிருக்காங்க" என்றேன். "போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இன்னைக்குக் குடிக்கிறேன்."