உம்மாவின் ஜனாஸா அறிவித்தல்

நாற்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஜின் உண்டென்று மார்க்கம் சொல்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது தன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றதாக யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். பேயைக் கண்டதாக வகுப்பில் சொன்ன பிள்ளைகளிடம், எத்தனை மணி, எவ்வளவு தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டே அழவைத்திருக்கிறேன். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது விளங்காது.

என் உம்மாவுக்கு இரண்டு தங்கச்சிமார், ஒரே தம்பி. அந்தத் தம்பிதான் ஆதம்லெவ்வை மாமா. எங்கள் ஊரான கல்முனைக்குடியில் வருடத்துக்கு நாலைந்து நாடகம் மேடையேறிய காலம் ஒன்று இருந்தது. எங்கள் பெண்கள் மேடைக்கு வரமாட்டார்கள், அதனால் அரசியும் தோழியும் ஆண்கள்தான். மாமாதான் எப்போதும் அரசி. பெரியநீலாவணையிலிருந்து வந்த ஆர்மோனியக்காரர் சுதி பிடிக்க, பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக மாமா வாய்விட்டு அழும்போது மணலில் குந்தியிருந்த மீன்காரர்களும் சேர்ந்து அழுவார்கள். அடுத்த நாள் அதே ஆட்கள் சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.

"என்ன ராணி, நடந்தா வாறீங்க? பல்லக்கு எங்க?"

"பல்லக்குத் தூக்கிற நீ இஞ்ச குந்தி மீன் விக்கிறாய். மறுகா நான் எப்பிடி வாற?" என்பார் மாமா.

பிறகு அவர் வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு போய், வயல் செய்தார். நாடகம் நின்றது. ராணி என்ற பெயர் மட்டும் நிற்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால், உயிர் பிரிந்த கையோடு ஜனாஸா அறிவித்தலைத் துண்டுக் கடதாசிகளில் எழுதி, சொந்தக்காரர் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்புவார்கள். அந்தந்த ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதை வாசிப்பார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் சகோதரி என்று பெயர் பெயராக வரும். அதில் பெயர் வராத ஆளை ஊர் அந்தக் குடும்பமாக எடுக்காது. உம்மா மௌத்தான காலை அதை எழுதியவன் நான். என் தங்கச்சிக்கு அப்போது ஒரு கண்டிப்பான வீட்டில் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. சேலை கட்டி ஆடினவனின் குடும்பமா என்று அவர்கள் ஒருமுறை கேட்டுமிருந்தார்கள். நான் சின்னம்மாமார் இரண்டு பேரின் பெயரையும் எழுதி நிறுத்திக்கொண்டேன். வரிப்பத்தான்சேனைக்குக் கடதாசியும் அனுப்பவில்லை. கடைசி மூன்று நாளும் உம்மா, "தம்பி வந்தானா மனே?" என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் மாமாவைப் பார்க்கவே போகவில்லை. அவர் மௌத்தான செய்தி கிடைத்தபோதும் சுகமில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

போன வருடம் ஊர் நாடக வரலாற்றை எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். எழுதினேன். அரசி வேடத்துக்கு வந்ததும் கை நின்றது. பேரப்பிள்ளைகள் வாசிப்பார்களே, சம்பந்திமார் வாசிப்பார்களே என்று நினைத்து, 'இவ்வேடம் ஏற்றவரின் பெயர் தெரியவரவில்லை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

அப்போது காலை பதினொரு மணி இருக்கும், நல்ல வெயில். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அஸ்ஸலாமு அலைக்கும், ஜனாஸா அறிவித்தல் என்று ஒரு ஆண்குரல். யாரோ பாவம் என்று பேனையை வைத்தேன். சொன்னது என் உம்மாவின் பெயர். பெயர் ஒன்றாக இருக்கலாம்தானே என்று நினைக்கும்போதே வாப்பாவின் பெயர் வந்தது, என் பெயர் வந்தது. நான் எழுதிய அதே வசனம், அதே ஒழுங்கு. மரியங்கண்டு, ஆசியா உம்மா என்று சின்னம்மாமாரின் பெயர்கள். அந்த இடத்தில் நான் எழுதியது முடிந்திருந்தது. குரல் முடியவில்லை. மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு இடைவெளி. "ஆதம்லெவ்வை ஆகியோரின் அன்புச் சகோதரியுமாவார்" என்றது.

குசினிக்கு ஓடினேன். என் மனைவி மீன் கழுவிக்கொண்டு நின்றாள்.

"பள்ளியில அறிவித்தல் சொன்னது கேட்டதா?"

"ஒண்டும் கேக்கல்லயே. உங்களுக்கு என்ன இப்பிடி வேர்த்திரிக்கி?"

மேலுக்குச் சேட்டுக்கூடப் போடாமல் சால்வையோடு பள்ளிக்குப் போனேன். பாங்கு சொல்லும் மோதினார் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மைக்கா சேர்? அது பழுதாகி நேத்தே கழட்டித் திருத்தக் குடுத்தாச்சே. சுபஹுக்கும் வாயாலதான் பாங்கு சொன்ன. வேணுமெண்டா உள்ளுக்கு வந்து பாருங்க."

பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் அறுந்த வயர்தான் தொங்கியது.

மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. மாமா இல்லை, அவருடைய வாரிசிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஓட்டோ பிடித்து வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். மாமாவின் மகள் சல்மா வீதியோரம் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். முறையில் எனக்கு மச்சி. என்னை அடையாளம் காணக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அல்லாவே, கல்முனைக்குடி மச்சானா? ரோட்டு இப்பதான் போட்டு முடிஞ்சிச்சா?"

"மாமாக்கிட்ட மாப்புக் கேக்க வந்தன் புள்ள" என்றேன்.

"என்னத்துக்கு மாப்பு? வாப்பா உங்களச் சொல்லாத நாளில்லையே" என்றாள். "மாமி மௌத்தான அண்டைக்கு எங்கட பள்ளியில அறிவித்தல் சொன்ன. சின்ன மாமிமார்ர பேருக்குப் பிறகு, மூணாவதா வாப்பாட பேரு. முற்றத்தில நிண்டு கேட்டுட்டு அப்பிடியே குந்திட்டாரு. மருமகன் என்னை விட்டுக்குடுக்கல்ல எண்டு சொல்லிச் சொல்லி அழுதாரு. அங்க வந்து சனத்துக்குப் பின்னால நிண்டு கபுறுக்கு மண் போட்டவரு. வீட்டுக்குள்ள வந்தா உங்கட தங்கச்சிட கலியாணம் குழம்பும் எண்டு அப்பிடியே திரும்பிட்டாரு."

"ஆர் வாசிச்ச?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுதான் தெரியா. மோதினாரு அடுத்த நாள் வந்து, நான் வாசிக்கல்ல, கடதாசி ஒண்டும் வரல்ல எண்டாராம். வாப்பா சிரிச்சிட்டு விட்டுட்டாரு." தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "தொழுதா உங்கட பேரச் சொல்லித்தான் துஆக் கேப்பாரு. கடல் வந்த அண்டைக்கும் பாருங்க, விடிய சுபஹு தொழுத ஆள் வயலுக்குப் போகல்ல. மருமகன், புள்ளைகள் எண்டு சொல்லிக்கொண்டு முசல்லாப் பாயிலேயே இருந்தாரு. என்ன வாப்பா எண்டு கேட்டா, தெரியா புள்ள எண்டாரு."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீடு கரையிலிருந்து மூன்றாவது வளவு. அன்று காலையில் ஒரு காரணமுமில்லாமல், தேத்தண்ணி கூடக் குடிக்காமல், மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில் முழுக் குடும்பமாக மிஞ்சியது நாங்கள் மட்டும்.

சல்மாவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், மாமாவின் அதே சிரிப்பு. சொல்லாமல் வந்துவிட்டேன்.

புத்தகத்தில் மாமாவின் பெயரை எழுதிவிட்டேன், அச்சாகியும் விட்டது. ஆனால் வரிப்பத்தான்சேனையில் மாமா கேட்ட அந்த அறிவித்தலை எழுதியவர் நான் இல்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்குச் சேர வேண்டிய துஆவில் என் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள்.