பாடிக்கொண்டிருக்கிறாள் என்றேன்

வேன்காரருக்கு நான் அடையாளம் சொன்னதிலேயே தப்பு தொடங்கியது. "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற சர்ச்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டே இரண்டு. அவர் காலை ஆறு மணியிலிருந்து புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு சபையின் வாசலில் நின்றார். நாங்கள் பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே எங்கள் வாசலில் நின்றோம். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஏழேகால் ஆகிவிட்டது.

எங்கள் சபையில் நான் வாலிபர் ஊழியர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சி கொடுப்பது, கூடுகைகளுக்கு அழைத்துப் போவது, பரீட்சை நேரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது, இதெல்லாம் என் வேலை. அன்றைக்குத் திருமானூரில் பல சபைப் பிள்ளைகள் சேர்ந்து பாடும் கூடுகை. எங்களிடமிருந்து பத்தொன்பது பேர். அதில் ஒருத்தி பூலாம்பாடிப் பெண், பதினொன்றாம் வகுப்பு. பாட்டுக் குழுவுக்கு அவள் வந்து நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. பெற்றோர் இல்லாமல் வெளியூர் போவது அதுதான் முதல் தடவை.

அவளுடைய அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டார். அன்று அவர் காட்டில் சின்ன வெங்காயம் பிடுங்க ஆள் சொல்லியிருந்தார். ஆனாலும் வேன் வரும்வரை போகாமல் நின்றார். நான் இரண்டு முறை, நீங்கள் கிளம்புங்கள் அண்ணே என்றேன். வேன் வந்து பெண் ஏறி உட்கார்ந்த பிறகு என்னிடம் வந்தார்.

"பாப்பா தனியா எங்கயும் போனதில்லீங்க சிஸ்டர். போனும் கெடையாது அதுகிட்ட."

"என் கண்ணு முன்னாடியே வச்சிருப்பேன் அண்ணே. தைரியமா போங்க."

சுலபமாகச் சொல்லிவிட்டேன். அந்த மாதிரி வாக்கை ஊழியத்தில் தினமும் நாலு பேருக்குக் கொடுக்கிறோம்.

வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு பெண் பேனரைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். 'பெரம்பூர் வாலிபர் ஐக்கியம்' என்று அச்சாகியிருந்தது. அச்சகத்தார் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது சரிபார்த்து ஓகே போட்டது நான்தான். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டில் சாம்பார்ப் பொட்டலம் ஒன்று உடைந்து பாட்டுத் தாள்களின் மேல் ஓடியது. தாள்களை அங்கே வைத்ததும் நான்தான். கீபோர்டு வாசிக்கிறவர் பையைத் துழாவிவிட்டு, அக்கா, அடாப்டர் எடுத்து வைத்தீர்களா என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அது சர்ச்சில் பிளக்கிலேயே இருந்தது.

அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு எலக்ட்ரிக்கல் கடையைத் தேடி ஓடினேன். அடாப்டர் கிடைத்தது. திரும்பி வரும்போது கூடுகை நடத்துகிறவர்கள் போனில் வந்தார்கள். எல்லாச் சபைகளும் வந்துவிட்டன, நீங்கள் மட்டும்தான் பாக்கி என்றார்கள். போனைக் காதில் வைத்தபடியே வேன் கதவருகே நின்று தலைகளை எண்ணினேன். பத்தொன்பது. கிளம்புங்கள் என்றேன்.

எங்கள் பெண்களில் ஒருத்தியின் தோழி அரியலூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளும் கூடுகைக்கு வரட்டுமா என்று சற்று முன்னால்தான் என்னிடம் கேட்டிருந்தார்கள், நானும் சரி என்றிருந்தேன். எண்ணும்போது அவளும் ஏறியிருப்பது நினைவுக்கே வரவில்லை.

திருமானூர் போய்ச் சேர்ந்ததும் உடனே பாடிப் பார்க்க மேடைக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். முன்வரிசையில் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பூலாம்பாடிப் பெண் எங்கே என்று கேட்டேன். முன்னால் உங்களோடு உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தோமே அக்கா என்றார்கள். பின்னால் தோழிகளோடு இருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

கையிலிருந்த போன் அதே நேரம் அடித்தது. அவளுடைய அப்பா.

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன்.

"சிஸ்டர், பாப்பா எங்கங்க இருக்கு?"

அவர் குரலில் பதற்றம் எதுவும் இல்லை. சும்மா விசாரிக்கிறார் என்று எண்ணினேன். அரியலூரில்தான் இருப்பாள், போய் அழைத்து வந்துவிட்டால் இவருக்குத் தெரியவே தெரியாது என்று ஒரு கணக்கு அந்த ஒரு நொடிக்குள் எனக்குள் ஓடி முடிந்தது.

"இங்கதான் அண்ணே இருக்கா. பாடிக்கிட்டு இருக்கா."

பின்னால் வேறொரு சபைப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். போனை அந்தப் பக்கம் லேசாகத் திருப்பினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கை தானாகத் திரும்பியது.

"பாடுதுங்களா?"

"ஆமா அண்ணே."

"சரிங்க" என்று வைத்துவிட்டார்.

துணைக்கு வந்திருந்த ஞாயிறு பள்ளி டீச்சரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு வேனில் ஏறினேன். டிரைவர் எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் ஜெபம் செய்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், அவள் அப்பாவிடம் இதைச் சொல்லாமலிருக்க அவளிடம் என்ன சொல்லிக் கேட்டுக்கொள்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வாக்கியம்கூடத் தயார் செய்தேன்.

நாங்கள் நிறுத்திய இடத்துக்கு எதிரில் ஒரு பழக்கடை. அதில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேயின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். பாதி கடித்த கொய்யா கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, நம்ம பாட்டு முடிந்துவிட்டதா அக்கா என்றுதான் முதலில் கேட்டாள். கட்டணக் கழிப்பறையில் வரிசை நீளமாக இருந்ததாம். வெளியே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. எப்படியும் திரும்பி வருவார்கள் என்று அரைமணி நேரம் அதே இடத்தில் வெயிலில் நின்றிருக்கிறாள். பழக்கடை அம்மாதான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொட்டப்புள்ளைய கூட்டியாரவங்க இப்படியா வுட்டுட்டுப் போவீங்க?" என்றார். நான் கை கூப்பினேன்.

அவளைத் தனியாக அழைத்து, தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை எடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அப்பாவுக்கு இவங்க போன்லேர்ந்து பேசிட்டேன் அக்கா. உங்க நம்பர் எனக்கு மனப்பாடமா தெரியல. உங்களுக்குப் போட்டுச் சொல்றேன்னாரு. உடனே கெளம்பிட்டேன்னும் சொன்னாரு."

எப்போது பேசினாய் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குப் போன் வருவதற்கு முன்னால்.

அவர் விசாரிக்க அழைக்கவில்லை. எனக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பெண் இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறார். நான்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் பாட்டில் தன் பாகத்தை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்பா உங்களிடம் பேசினாரா அக்கா என்று ஒரு முறை கேட்டாள். பேசினார் என்று மட்டும் சொன்னேன்.

பைக்கை நிறுத்திவிட்டு வந்தபோது அவர் காலிலும் வேட்டி விளிம்பிலும் செம்மண் அப்பியிருந்தது. நேராக மகளிடம் போய்த் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார். பழக்கடை அம்மாவிடம் நின்று நிதானமாக நன்றி சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். நான் மூச்சு விடாமல் பேசினேன். அவசரத்தில் எண்ணிவிட்டேன், புதுப் பெண் ஒருத்தி ஏறிவிட்டாள், எல்லாம் என் தப்புதான் என்று விட்டுப்போனதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மற்றதன் பக்கமே போகவில்லை. நான் முடிக்கும்வரை அவர் கேட்டார்.

"வுட்டுட்டுப் போறது யாருக்கும் நடக்கறதுதாங்க" என்றார். கொஞ்சம் தள்ளி நின்ற மகளை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாடுதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போகலாமா, இல்லை பாட வேண்டுமா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பாடணும்பா என்றாள். வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என நான் விரும்பினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவளை வேனில் ஏற்றிவிட்டு, நீங்கள் முன்னால் போங்கள் என்றார். திருமானூர் வரை பைக்கில் எங்கள் பின்னாலேயே வந்தார். கரும்பு ஏற்றிய டிராக்டர்களை நாங்கள் தாண்டும்போதெல்லாம் சற்று மறைந்து, பிறகு மறுபடியும் கண்ணாடியில் தெரிவார். டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

எங்கள் முறை போயிருந்தது. கேட்டுக்கொண்டதால் சாப்பாட்டுக்கு முன் கடைசியாக ஒதுக்கினார்கள். மேடையில், சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கும் பிள்ளைகள் என்று பேனரைப் பார்த்து ஒருவர் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. யாரும் திருத்தவில்லை. பூலாம்பாடிப் பெண் தன் இடத்தில் நின்று நன்றாகப் பாடினாள். அவள் அப்பா ஹாலின் கடைசித் தூணருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். பாட்டு முடிந்ததும் சாப்பிடச் சொன்னேன். வேண்டாங்க, ஆளுங்க காத்திருக்காங்க என்று மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆராதனையில் போதகர், பத்தொன்பது பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்தினார். என் உழைப்பையும் குறிப்பிட்டார். சபை ஆமென் என்றது. நானும் ஆமென் என்றேன். அவள் குடும்பம் அன்று வரவில்லை.

புதன்கிழமைதான் போதகரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. பீடத்தில் நின்று சொல்லிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். அது என்னைத் திட்டியிருந்தால்கூட வராத வலி. அன்றைக்கே பூலாம்பாடிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு முன்னால் சாக்கு விரித்து அவரும் மனைவியும் வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நின்றபடியே சொன்னேன், பொய் சொன்னேன் அண்ணே, தெரிந்தேதான் சொன்னேன் என்று. அவர் கை நின்றது. ஆனால் பேசியது அவர் மனைவி.

"என்ன பொய்யி?"

அவர் வீட்டில் சொல்லவே இல்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. வேனைத் தவறவிட்டுவிட்டாள், போய்ச் சேர்த்துவிட்டேன் என்று முடித்திருக்கிறார். இனி நானே சொல்லியாக வேண்டும். போனைப் பாட்டுப் பக்கம் திருப்பியது வரை சொன்னேன். அந்த அம்மா அரிவாளைக் கீழே வைத்தார்.

"எம்புள்ள ரோட்டுல நிக்கிது. நீங்க பாட்டுப் பாடுதுங்கறீங்க. இனிமே அது வராதுங்க."

சரிங்க அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல? பெண்ணின் அப்பா எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவள் பயிற்சிக்கு வந்தாள். யார் யாரைச் சமாதானப்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவள் அப்பாவே அழைத்து வருகிறார். ஒன்றரை மணி நேரப் பயிற்சி முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் பைக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார். முதல் வாரம் நாற்காலி எடுத்துக்கொண்டு போனேன். இருக்கட்டுங்க என்றார். பயிற்சி முடிந்ததும் வாசல்வரை அவளோடு நானும் போவேன். வரேங்க சிஸ்டர் என்று அவர் என்னை நேராகப் பார்த்துத்தான் சொல்கிறார். நான் வண்டியின் ஹெட்லைட்டைப் பார்த்தபடி தலையாட்டுகிறேன்.